வாணாமெண்டா வாணாம்

கல்முனைச் சந்தையில் நிப்றாஸின் கைக்குப் பயப்படாத ஆள் குறைவு. மாட்டிறைச்சிக் கடைக்காரன். விடியற்காலையில் மடுவத்தில் மாடறுத்து, சுபஹுத் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது இறைச்சியைக் கொக்கியில் தொங்கவிட்டிருப்பான். தொடைச் சப்பையை ஒரே வெட்டில் இரண்டாக்கும் கை அது. அந்தக் கை இறைச்சியோடு நின்றிருந்தால் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமிருந்திராது.

அவனுடைய வாப்பா அச்சிமுகம்மதுவும் இதே கடையில், இதே கட்டையில் வெட்டியவர்தான். மகனுக்குத் தொழில் பழக்கும்போது அவர் வாய் திறந்ததில்லை. துண்டு கோணலாக விழுந்தால் கத்தியின் பக்கவாட்டால் முதுகில் ஒன்று விழும். கொழுப்பை வழிக்காமல் விட்டால் கன்னத்தில். சோற்றில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தால் கோப்பையோடு சுவரில் பறக்கும், பிறகு அந்தச் சோற்றைப் பொறுக்கித் தின்ன வேண்டும். நிப்றாஸ் பொறுக்கித் தின்றான், வளர்ந்தான். வாப்பா மவுத்தான பிறகு கடை அவனுக்கு வந்தது, கோபமும் வந்தது. தராசில் விளையாடுகிறான் என்று சொன்ன மீன் வியாபாரி ஒருவர் முன்பல் இல்லாமல் வீடு போனார். பாதையை மறித்து நிறுத்திய ஓட்டோவின் கண்ணாடி போனது. ஒவ்வொரு முறையும் ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்த்துவிடுவார்கள். “அவன் நல்லவன்தான், கைதான் சுறுக்கா நீளும்” என்பார்கள்.

பெண்சாதி றிபாவின் மேல் மட்டும் அந்தக் கை நீண்டதில்லை. காரணம் இரக்கமல்ல. சாய்ந்தமருதில் அவர்கள் இருந்த வீடு றிபாவுக்கு அவள் வாப்பா கட்டிக் கொடுத்த வீடு. கலியாணம் முடிந்து மாப்பிள்ளையாக அவன் அந்த வாசலை மிதித்த அன்றே அவள் சொல்லிவிட்டாள்: “எண்டமேல கை பட்டா, இந்தப் படிய நீங்க மறுகா மிதிக்கேலா.” அவன் சிரித்தான். ஆனால் மறக்கவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள், ஸம்றா. ஐந்து வயதுவரை எதைக் கொடுத்தாலும் தின்னும் பிள்ளை. பிறகு ஒருநாள் வாயிலிருந்த இறைச்சித் துண்டைத் துப்பினாள். அடுத்த கிழமை மீனைத் துப்பினாள். பிறகு முட்டை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. எதையும் பார்த்துப் பயந்தவளில்லை, யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. டொக்டரிடம் காட்டினார்கள், நோய் ஒன்றுமில்லை என்றார். கேட்டால் ஒரே பதில்தான்: “வாணாம்.”

சந்தையில் கதை பரவியது. “இறைச்சிக்கடைக்காரன்ட மகள் சைவமாம்” என்று எதிர்க்கடையில் ஒருவன் சொல்லிச் சிரித்தான். அன்று பகல் நிப்றாஸ் வீட்டுக்கு வந்த வேகத்தில் வாசல் கதவு சுவரில் மோதித் திரும்பியது. மகளைப் பிடித்து மடியில் இருத்தி, தாடையை ஒரு கையால் நெரித்து, மறு கையால் இறைச்சித் துண்டை வாய்க்குள் தள்ளினான். நகம் பட்டு அவள் கன்னம் கிழிந்தது. அவள் அவன் கையிலேயே சத்தி எடுத்தாள். அவன் அறைந்தான். பிள்ளை மடியிலிருந்து சீமெந்துத் தரையில் விழுந்த சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து ஓடிவந்த றிபாவின் கையில் தேங்காய் துருவும் துருவலை இருந்தது.

“இன்னொருக்கா அடிங்க பாப்பம்” என்றாள். “எனக்குத்தான் அடிக்கல்ல, புள்ளைக்குத்தானே எண்டு நான் பாத்துக்கிட்டு நிப்பனெண்டு நினைச்சீங்களா?”

துருவலையின் பற்கள் அவன் முகத்துக்கு நேரே நின்றன. அவன் எழுந்து போய்க் கையைக் கழுவினான்.

அதன்பிறகு வீட்டில் அவன் மகளுக்கு ஊட்டப் போகவில்லை. ஆனால் மனம் ஆறவுமில்லை. ஸம்றா படித்த ஆரம்பப் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். சோறு, பருப்பு, கீரைச் சுண்டல். அதோடு ஒருநாள் முட்டை, ஒருநாள் நெத்தலி, ஒருநாள் கோழி. அதற்குப் பொறுப்பாக நின்றவர் மிஹ்லார் சேர். கெட்ட மனிதர் அல்ல. மழை நாளில் பிள்ளைகளைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வீடு வீடாக விடுபவர். நாட்டில் சாமான் இல்லாமல் சனம் வரிசையில் நின்ற அந்த வருடத்தில், காலைக் கூட்டத்தில் பசியால் மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தன் கையால் தூக்கியவர். அப்போதிருந்து அவருக்கு ஒரு வைராக்கியம்: தன் கண் முன்னால் ஒரு பிடி சோறும் வாளிக்குள் போகக் கூடாது. கோப்பை காலியாகாமல் எந்தப் பிள்ளையும் வாங்கிலிருந்து எழும்ப முடியாது. பிரம்பு அவர் கக்கத்தில் இருக்கும்.

நிப்றாஸ் ஒருநாள் பாடசாலை வாசலில் அவரை நிறுத்தினான்.

“சேர், எண்ட மகள் ஊட்டில பழுதாகிப் போனா. தாய்க்காரி செல்லம் குடுக்கிறா. நீங்க அடிச்சாவது தின்ன வைங்க. நான் ஒண்டும் கேக்க மாட்டன்.”

“நீங்க யோசிக்க வாணாம்” என்றார் சேர். “நான் பாத்துக்கிறன்.”

அவர் பார்த்துக்கொண்டார். முதலில் உள்ளங்கையில் பிரம்படி. பிறகு எல்லாரும் எழும்பிப் போன பின் அவளை மட்டும் வாங்கில் இருக்க வைத்தார். வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஸம்றா முட்டையைத் தொடவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, மேலிடத்திலிருந்து பார்வையிட ஆட்கள் வருகிறார்கள் என்ற அவசரத்தில், சேரின் பொறுமை அறுந்தது. அவள் மூக்கைப் பிடித்தார். மூச்சுக்கு வாய் திறந்தபோது அவித்த முட்டையை உள்ளே தள்ளி, துப்பாமல் இருக்க உள்ளங்கையால் வாயை அடைத்தார். பிள்ளை காலை உதைத்தாள். அடம்பிடிக்கிறாள் என்று அவர் இன்னும் இறுக்கினார். கால் ஓய்ந்தபோதுதான் கையை எடுத்தார். முகம் நீலம் பாரித்திருந்தது. சமையல்காரப் பெண் ஓடிவந்து, பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து, முதுகில் ஓங்கி ஓங்கிக் குத்தியதில் மஞ்சள் கரு வெளியே வந்தது. மூச்சும் வந்தது. நினைவு வரவில்லை. ஓட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள்.

நிப்றாஸ் கடையில் விலா எலும்பு வெட்டிக்கொண்டிருந்தான். போன் அடித்தது. றிபாவின் குரல் குரலாக இல்லை. “சேர் முட்டைய வாயில திணிச்சி… புள்ளைக்கு மூச்சு நிண்டுட்டு… ஆஸ்பத்திரிக்கு வாங்க, சுறுக்கா வாங்க…”

அவன் கத்தியைக் கட்டையில் கொத்தி நிறுத்தினான். அதைக் கையோடு கொண்டு போகாதது அல்லாஹ் செய்த உதவி என்று பிறகு பலர் சொன்னார்கள். இரத்தக் கறைச் சாரனோடு மோட்டார் சைக்கிளில் ஏறினான். ஆஸ்பத்திரி வலப்பக்கம். அவன் இடப்பக்கம் திரும்பினான்.

பாடசாலை வாசலில் நின்ற காவலாளியை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். மிஹ்லார் சேர் அதிபரின் அறைக்கு வெளியே, தூணில் சாய்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிமிர்ந்து பார்க்க முதல் அடி விழுந்தது. மூக்கெலும்பு நொறுங்கிய சத்தம் வகுப்பறைவரை கேட்டது. இரண்டாவது அடியில் கண்ணாடி உடைந்து புருவத்துக்குள் போனது. விழுந்தவரின் கையைப் பிடித்து முறுக்கினான், “இந்தக் கைதானேடா? இந்தக் கைதானே?” என்று. எருத்து மாட்டின் முழங்காலைக் கழற்றத் தெரிந்தவனுக்கு மனிதனின் முழங்கை பெரிய வேலையாக இருக்கவில்லை. சேர் அலறினார். அதிபர் றுமைஸா டீச்சர் குறுக்கே பாய்ந்து அவன் சேட்டைப் பிடித்து இழுக்க, சேட்டுக் கிழிந்து அவர் கையோடு வந்தது. பிள்ளைகள் கதிரைகளுக்குக் கீழே ஒளிந்துகொண்டு அழுதார்கள்.

வாயெல்லாம் இரத்தமாகக் கிடந்த சேர் அப்போது சொன்னார்: “நீங்கதானே சொன்னீங்க… அடிச்சாவது தின்ன வைக்கச் சொல்லி.”

நிப்றாஸின் தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. கேட்ட சொல் தன் சொல்தான் என்று அவனுக்கு விளங்கியது. விளங்கிய பிறகும் அந்தக் காலை அவன் கீழே வைக்கவில்லை. சேரின் விலாவில் இன்னுமொரு உதை விட்டான். முன்னால் விழுந்த அடிகளுக்கெல்லாம் தன் பக்கத்தில் ஒரு நியாயம் இருந்தது என்று அவன் பிறகும் நினைத்தான். அந்த உதைக்கு மட்டும் அவனால் ஒரு நியாயமும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பொலிஸ் வந்தது. அவன் ஓடவில்லை. நீதவான் விளக்கமறியலில் வைக்கச் சொன்னார். சிறையில் நாறிய மீன் போட்ட குழம்பும் தடித்த சோறும் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள், சிலர் தள்ளி வைத்தார்கள். நிப்றாஸ் எல்லாவற்றையும் தின்றான். சோறு என்று முன்னால் வைத்த எதையும் அவன் பிறந்ததிலிருந்து வேண்டாம் என்று சொன்னதில்லை. சொல்ல அவன் தொண்டைக்குத் தெரியவில்லை. மகளின் தொண்டையில் என்னதான் நடக்கிறது என்று அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு யோசித்தான். கடைசிவரை அவனுக்குப் பிடிபடவில்லை.

ஸம்றா பிழைத்துக்கொண்டாள். சில நாள் நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்து வீட்டுக்கு வந்தாள். பாடசாலைக்குள் கால் வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பிணையில் வந்த நிப்றாஸ் வாசலில் காலை வைத்தபோது அவள் விறாந்தையில் படம் கீறிக்கொண்டிருந்தாள். வியர்வையைத் துடைக்க அவன் தோளில் கிடந்த துவாயை எடுக்கக் கையை உயர்த்தினான். அவ்வளவுதான். பிள்ளை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தாள்.

றிபா வந்து படியை மறித்து நின்றாள்.

“புள்ள ஆஸ்பத்திரியில கிடக்கக்க நீங்க எங்க போனீங்க?”

“அவன அடிக்கப் போனன். எண்ட புள்ளைக்கு…”

“மூச்சில்லாமப் புள்ள கிடக்கிறா எண்டு சொன்னன். நீங்க அவவப் பாக்க வரல்ல. அடிக்கப் போயிரிக்கீங்க. அந்த மனிசன் செஞ்சது நீங்க ஊட்டில செஞ்சதுதான். அவர் பள்ளிக்கூடத்தில செஞ்சார், அவ்வளவுதான் வித்தியாசம்.”

அவன் கை முஷ்டியானது. அவள் அதைப் பார்த்தாள்.

“அந்தக் கையோட உள்ள வரேலா” என்றாள். “இது எண்ட ஊடு.”

அவன் கடையில் போய்ப் படுத்தான். கொக்கிகளுக்குக் கீழே பாயை விரித்தான். முதல் கிழமை கோபம். இரண்டாம் கிழமை, சேர் இரத்த வாயோடு சொன்ன சொல் கோபத்தின் இடத்தில் வந்து இருந்துகொண்டது. ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டு வாசலுக்குப் போய் வெளியே நின்றே கேட்டான்: “நான் என்ன செய்யணும், சொல்லு.”

றிபா படியிலேயே நின்றாள். “அவ வாணாமெண்டா வாணாம். ஏனெண்டு கேக்கப்படாது. நம்மளுக்கு விளங்கணுமெண்டு ஒண்டும் இல்ல.”

“ஓம்” என்றான்.

“பள்ளிக்கூடத்திலயும் அப்பிடித்தான் வரணும். கூட்டம் வச்சிரிக்காங்க. நான் போறன். நீங்க கோட்டுச் சொன்னபடி உள்ள வரேலாதே. புள்ளய வச்சிக்கிட்டு கேற்றுக்கு வெளிய நில்லுங்க.”

அந்தக் கூட்டத்தை அதிபர் றுமைஸா டீச்சர் கூட்டியிருந்தார். பிள்ளைகள் சாப்பாட்டை மறுக்கலாமா, மறுத்தால் என்ன செய்வது என்று பாடசாலைக்கு எழுதி வைத்த ஒரு முறை வேண்டும் என்பது அவர் நோக்கம். முற்றத்து மரநிழலில் பிளாஸ்டிக் கதிரைகள். நிப்றாஸ் வெளியே இரும்புக் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஸம்றா அவன் கைக்கு எட்டாத தூரத்தில் மதிலோரமாக நின்றாள். சேர் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு, கோணிய மூக்கோடு கடைசி வரிசையில் இருந்தார்.

பெற்றோர் சங்கச் செயலாளர் கச்சிமுகம்மது ஹாஜியார் முதலில் எழும்பினார். “டொக்டர்ட கடிதம் இரிந்தா விடலாம். மார்க்கத்தில ஹறாமெண்டா விடலாம். வேற சமயப் புள்ளைகள் விரதமெண்டா அதுக்கும் விடலாம். மற்றப்படி சும்மா வாணாமெண்டு சொல்ற பழக்கத்துக்கு நாம சட்டம் போட்டா, நாளைக்கு ஒரு புள்ளயும் கீரை தின்னாது.”

பலர் தலையாட்டினார்கள். றிபா எழும்பினாள்.

“எண்ட புள்ளைக்கு நோய் இல்ல, ஹாஜியார். டொக்டர் கடிதம் தர மாட்டார். மார்க்கத்திலயும் அவ தின்னாத ஒண்டும் ஹறாம் இல்ல. அவக்குக் காரணமே இல்ல. அதாலதான் அவட மூச்சு நிண்டது. காரணம் இரிக்கிற புள்ளைக்குக் கடிதம் காவல். காரணம் இல்லாத புள்ளைக்கு ஆரு காவல்?”

“செல்லம் குடுத்துக் கெடுத்துட்டு இஞ்ச வந்து கதைக்கிறாவே!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். “மாடறுக்கிறவன்ட பெண்சாதி நமக்குச் சட்டம் சொல்லவோ? சேர அடிச்சி முறிச்ச சண்டியன்ட ஊட்டுக்காரி!”

றிபாவின் தம்பி முறையான ஒருவன் கத்தியவனின் சேட்டைப் பிடித்தான். அவன் இவனைத் தள்ளினான். கதிரைகள் சரிந்தன. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். யாரோ வீசிய கதிரை ஒன்று சுழன்று வந்து அதன் கால் றிபாவின் நெற்றியில் பட்டது. அவள் கையை வைத்தாள். விரல்களுக்கிடையால் இரத்தம் வழிந்து முக்காட்டை நனைத்தது.

தெருவே நிப்றாஸைப் பார்த்தது. அவன் கேற்றில் ஏறிவிட்டிருந்தான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கேற்றின் முனைக் கம்பி உள்ளங்கையில் குத்தி ஏறியது அவனுக்குத் தெரியவில்லை. கதிரை எறிந்தவனின் முகத்தை அவன் கண்டுவிட்டான். அந்தத் தலையை எந்தத் தூணில் எப்படி மோதுவது என்பதையும் அவன் கை முடிவு செய்துவிட்டது.

“வாப்பா.”

அவன் குனிந்து பார்த்தான். ஸம்றா மதிலை விட்டு வந்து கேற்றடியில் நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவனோடு அவள் பேசிய முதல் சொல் அது.

“வாணாம், வாப்பா.”

ஏனெண்டு கேட்க அவன் வாய் திறந்தது. உம்மாட நெற்றியப் பாத்தியா, அவனச் சும்மா விடச் சொல்றியா என்று எல்லாம் தொண்டைவரை வந்தது. கேட்கவில்லை. உள்ளே போட்ட காலை மெதுவாக எடுத்து, வெளியே இறங்கி, மண்ணில் குந்தினான். கையிலிருந்து இரத்தம் சொட்டியது. மகள் அவனைத் தொடவில்லை. பக்கத்தில் நின்றாள்.

உள்ளே அடிபாட்டை நிறுத்தியவர் மிஹ்லார் சேர். ஒற்றைக் கையோடு நடுவில் புகுந்து, றிபாவுக்கு விழ இருந்த அடுத்த கதிரையைத் தன் முதுகில் வாங்கினார். கட்டுப் போட்ட கை ஒருவனின் முழங்காலில் மோத, வலியில் அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தில் எல்லாரும் ஒரு நொடி உறைந்தார்கள்.

“அடிச்சித் தின்ன வைக்கிற வேலைய நான் செஞ்சி பாத்துட்டன்” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. “ஒரு புள்ளட கால் உதைச்சி உதைச்சி ஓஞ்சது இந்தக் கையிலதான். உங்கள்ல ஆருக்காவது அந்த வேலை வேணுமெண்டா வாங்க, நாளையிலிருந்து நீங்க செய்ங்க. நான் செய்ய மாட்டன்.”

யாரும் வரவில்லை. ஹாஜியார் விழுந்து கிடந்த கதிரையை நிமிர்த்தி அதில் இருந்தார். றிபாவின் நெற்றிக்கு யாரோ துணி கொண்டு வந்தார்கள். அவள் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கூட்டம் முடியும்வரை ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்துவிட்டாள்.

அன்று றுமைஸா டீச்சர் எழுதிய முறைதான் இன்றும் அந்தப் பாடசாலையில் இருக்கிறது. வரிசையில் நிற்கும் எந்தப் பிள்ளையும் எந்தக் கறியையும் வேண்டாம் என்று சொல்லலாம். ஏன் என்று கேட்கக் கூடாது. கோப்பையில் திணிக்கவோ வாயில் வைக்கவோ யாருக்கும் உரிமை இல்லை. மறுத்த பிள்ளையைத் தனியே இருத்தவோ பேர் சொல்லிச் சிரிக்கவோ கூடாது. சோறும் பிடித்த வேறு ஒன்றும் கட்டாயம் கொடுக்க வேண்டும். தொடர்ந்து சாப்பிடாத பிள்ளை இருந்தால் தாயிடம் தனியாகச் சொல்ல வேண்டும். டொக்டர் கடிதம் ஒவ்வாத சாப்பாடு உள்ள பிள்ளைக்கு மட்டும், அதுவும் சமையல் செய்கிறவருக்கு எச்சரிக்கையாக. ஹாஜியார் பயந்தது நடக்காமலும் இல்லை. தொடக்கத்தில் கீரைச் சட்டி அப்படியே திரும்பி வந்தது. சமையல்காரப் பெண் வாய்விட்டு ஏசினாள். பிறகு கீரையில் ஒரு பங்குக்கு மட்டும் கொஞ்சம் மாசிக்கருவாட்டுத் தூள் போட்டுப் பார்த்தாள். சில பிள்ளைகள் தின்றன, சில தின்னவில்லை.

வழக்கில் நிப்றாஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஒத்திவைத்த சிறைத்தண்டனையும் சேருக்கு நட்டஈடும் தீர்ப்பு. சேரின் முழங்கை இன்றும் முழுதாக நிமிராது. கரும்பலகையின் மேல்வரியில் எழுத இடக்கையைப் பழக்கிக்கொண்டார். இருவரும் கதைப்பதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் தற்செயலாக ஒரே ஸப்பு வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்க நேர்ந்தது. தொழுகை முடிவில் ஸலாம் சொல்ல நிப்றாஸ் வலப்பக்கம் முகத்தைத் திருப்பியபோது அந்தக் கோணல் மூக்கு கண்ணுக்கு நேரே இருந்தது. சேர் எழும்பிப் போகும்வரை அவன் தலை நிமிரவில்லை.

றிபா அவனை மறுபடி வீட்டில் சேர்த்துக்கொண்டாள். ஆனாலும் நிப்றாஸ் திருந்திவிட்டான் என்று சந்தையில் யாரும் சொல்ல மாட்டார்கள். போன நோன்புக்கு முன் மடுவத்தில் ஒருவனோடு கைகலந்து உதடு கிழிந்து வந்தான். றிபா அன்றும் அவனைக் கடைக்கே அனுப்பிவிட்டாள். உதடு ஆறும்வரை அங்கேதான் கிடந்தான். ஆனால் அந்த வீட்டுக்குள் அவன் கை யார் மேலும் உயர்ந்ததில்லை. துவாய் எடுப்பதென்றால்கூட மகளுக்குத் தெரியும்படி மெதுவாக எடுக்கிறான்.

இப்போது ஸம்றா சில நாட்களில் பருப்பையும் வேண்டாம் என்கிறாள். அப்படியொரு பகலில் மூவரும் சாப்பிட இருந்தார்கள். றிபா கரண்டியை நீட்ட, பிள்ளை கோப்பையை இழுத்துக்கொண்டாள். நிப்றாஸின் தாடை இறுகியது. றிபா அவன் கையைப் பார்த்தாள். அவன் இடக்கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்துகொண்டான். ஸம்றா உருளைக்கிழங்கைச் சோற்றோடு பிசைந்து, அவசரமில்லாமல், ஒவ்வொரு வாயாகத் தின்றாள். பருப்புச் சட்டியை அவன் தன் பக்கம் இழுத்துத் தன் சோற்றில் ஊற்றிக்கொண்டான்.